ரிவர்ஸில் தாவிய செயின்

நடந்தது, வரிசையாக:

1. மும்பையை ஒட்டிய வாஷி பக்கத்துக் கழிமுகச் சேற்றில் எங்கள் எட்டுச் சக்கர வண்டி சிக்கியது. உள்ளே ஓட்டுநர் மைதீன் அண்ணனும், அலையாத்திக் காட்டைக் கணக்கெடுக்க வந்த இரண்டு பேரும் இருந்தார்கள்.
2. முன்னால் போக வழியில்லை. ரிவர்ஸ் எடுத்தார். இடது பக்கச் செயின் பல்லை விட்டுத் தாவியது.
3. கடல் ஓதம் ஏற ஆரம்பித்தது.
4. மூவரும் காயமில்லாமல் கரைக்கு வந்தார்கள்.
5. தவறு ஓட்டுநருடையது என்று மறுநாள் காலையிலேயே முடிவாயிற்று. சாவி வாங்கப்பட்டது.
6. தவறு அவருடையது இல்லை என்று காட்ட எங்களுக்குப் பல வாரங்கள் பிடித்தன.
7. புதிய பாகம் தயாராவதற்குள் மழை வந்துவிட்டது.

செம்பூர் பட்டறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் மூன்று பேருக்காக இதை எழுதுகிறேன். இந்த மாத முடிவில் நான் போகிறேன். ஓய்வு பெறும் வயது இல்லை. களைப்பு அந்த வயதுக்கு வந்துவிட்டது, அவ்வளவுதான். டென்ஷனரின் வரைபடமும் அளவுகளும் கம்ப்யூட்டரில் இருக்கின்றன, அவற்றை இங்கே திரும்பச் சொல்லப்போவதில்லை. தமிழில் எழுதக் காரணம், ஆங்கிலத்தில் எழுத உட்கார்ந்தால் என் கை தானாக ரிப்போர்ட் எழுத ஆரம்பித்துவிடும். உங்களில் எழுத்துக்கூட்டிப் படிப்பவர், மற்ற இருவரில் ஒருவரைச் சத்தமாகப் படிக்கச் சொல்லட்டும்.

வண்டியைப் பற்றித் தெரியவேண்டியது கொஞ்சம்தான். தரையிலும் ஓடும், தண்ணீரிலும் மிதக்கும். இன்ஜினின் விசை ஒவ்வொரு சக்கரத்துக்கும் செயின் வழியாகப் போகிறது. செயின் ஓட ஓட நீளும், நீண்டால் தொய்யும், தொய்ந்தால் பல்சக்கரத்தின் பல்லை விட்டுத் தாவும். அந்தத் தொய்வை எடுப்பதுதான் டென்ஷனர். அப்போது எங்களிடம் இருந்தது ஸ்பிரிங் வைத்த ஒரு கை. வண்டி முன்னால் போகும்போது செயினின் மேல்பக்கம் இறுகும், கீழ்ப்பக்கம் தொய்யும். அதனால் கை கீழ்ப்பக்கத்தைத் தள்ளிக்கொண்டிருந்தது. நாங்கள் பெருமைப்பட்ட வேலை அது.

மைதீன் அண்ணனின் போன் வந்தபோது நானும் முதலாளியும் மாட்டுங்காவில் ஒரு ஓட்டலில் உட்கார்ந்து, வெள்ள மீட்பு வண்டிகளுக்கான டெண்டரைச் சரிபார்த்துக்கொண்டிருந்தோம். மழைக்காலத்துக்கு முன்பு வண்டிகளைக் கொடுப்பதாக அதில் எழுதியிருந்தது.

"மேடம், இடது பக்கம் இழுக்கல. செயின் விழுந்துட்டுன்னு நினைக்கேன்."

"எப்படி விழுந்தது?"

"முன்னால பூரா வேரு. ரிவர்ஸ் எடுத்தேன். டக்கு டக்குன்னு ரெண்டு சத்தம், அம்புட்டுதான்."

பின்னால் யாரோ இந்தியில் கத்திக்கொண்டிருந்தார். தண்ணீர் வருகிறது, இறங்கிக் கரைக்கு நடந்துவிடலாம் என்கிறார். முதலாளி என் கையைப் பிடித்து உலுக்கினார்.

"எறங்கச் சொல்லும்மா! வண்டி போனாப் போறது, மனுஷா முக்கியம்!"

அந்த நேரத்தில் சொல்ல அதைவிட நல்ல வாக்கியம் கிடையாது. ஆனால் அந்தச் சேறு இடுப்பு வரை இழுக்கும். இழுத்தபின் தண்ணீர் வந்தால் நீந்தவும் முடியாது. நான் மைதீன் அண்ணனிடம் இரண்டே கேள்வி கேட்டேன்.

"அடியில தண்ணி வடியிற மூடி மூடியிருக்கா?"

"நான் என் கையாலயே முறுக்குனேன்."

"செயின் அடிச்சதுல அடிப்பாகம் கிழிஞ்சிருக்கா? காலடித் தட்டைத் தூக்கிட்டு உள்ள கைய விட்டுப் பாருங்க."

தட்டு உரசும் சத்தம் கேட்டது.

"காஞ்சு கெடக்கு மேடம்."

"அப்ப இன்ஜினை அணைச்சிட்டு உக்காருங்க. யாரும் இறங்க வேண்டாம். தண்ணி வந்தா வண்டி தானா மிதக்கும்."

"இவிய கேக்க மாட்டாவ போலிருக்கே."

"ஸ்பீக்கர்ல போடுங்க."

நீங்கள் உட்கார்ந்திருப்பது படகு, படகில் இருப்பவர் தண்ணீருக்குப் பயந்து சேற்றில் குதிப்பாரா என்று இந்தியில் கேட்டேன். ஒருவர் என்னைத் திட்டினார். திட்டிக்கொண்டே உட்கார்ந்தார். ஓதம் ஏறியது, வண்டி எழும்பியது, மீன்பிடிப் படகு ஒன்று கயிறு போட்டு இழுத்து வந்தது. நெருக்கடியில் எல்லோரிடமும் கருத்து இருக்கும், தேவைப்படுவது தகவல். இதை மட்டும் அன்று நான் சரியாகச் செய்தேன்.

மறுநாள் காலை ஒப்பந்தக்காரர் செம்பூருக்கு வந்தார். கணக்கெடுப்புக்கு எங்கள் வண்டியையும் ஓட்டுநரையும் வாடகைக்கு எடுத்தவர் அவர். பட்டறைச் சந்திலேயே நின்று சத்தம் போட்டார்.

"உங்க டிரைவர் ஜட்கா குடுத்திருக்கான், ஒரேயடியா அழுத்தியிருக்கான். என் ஆட்கள் செத்திருப்பாங்க."

முதலாளி மைதீன் அண்ணன் பக்கம் திரும்பினார். "மைதீன், சாவியைக் குடு."

சந்தில் டீக்காரர் இருந்தார், வெல்டர்கள் இருந்தார்கள், எதிர்க் கட்டிடத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பெண்கள் இருந்தார்கள். மைதீன் அண்ணன் பையிலிருந்து சாவியை எடுத்து முதலாளியின் உள்ளங்கையில் வைத்தார். நடந்து போய்விட்டார்.

அவருக்காக யாரும் பேசாததற்குக் காரணம் உண்டு. அவர் தாராவியில் பல வருடம் டெம்போ ஓட்டியவர், பெடலில் கால் கனம். "மைதீன் பிரேக் போட்டா தாராவியில ஏறுனவன் சயான்ல போய் விழுவான்" என்பது பட்டறையில் பழைய கேலி, அவரே சிரிப்பார். இப்படி ஒரு கேலி ஏற்கெனவே புழங்கிக்கொண்டிருந்தால், காரணம் தேடும் வேலை மிச்சமாகிவிடுகிறது. நானும் அன்று அவர்தான் என்று நினைத்தேன்.

டென்ஷனரின் கைகளையும் கட்டைகளையும் எங்களுக்குச் செய்து தருபவர் பீர் பாய். தாராவியில் லேத்தும் பிளாஸ்டிக் வேலையும் சேர்ந்த பட்டறை அவருடையது. மைதீன் அண்ணனின் வீடும் அதே சந்தில்தான். நான் உடைந்த பாகத்தோடு போனபோது அவர் தலையைத் தூக்கவே இல்லை.

"என்ன இன்ஜினியரம்மா, காலு கனம்னு ஒரு ஆளத் தூக்கியாச்சாம்ல. நாளைக்கு மண்ட கனம்னு உங்களையும் தூக்குவாவளோ?"

"நான் தூக்கலை பாய்."

"பக்கத்துல நின்னியளா இல்லையா?"

"நின்னேன்."

"பொறவு என்ன." பாகத்தை வாங்கித் திருப்பிப் பார்த்தார். "ஸ்பிரிங்கு வலு பத்தாது. இதுக்கு டபுளாப் போடுதேன். யானை இழுத்தாலும் அசையாது."

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. இரட்டை வலுவில் ஸ்பிரிங் போட்டோம். எங்கள் பட்டறைச் சந்தின் கோடியில் இருக்கும் மைதானத்தில் மேடு பள்ளம், சேறு எல்லாவற்றிலும் ஓட்டினோம். செயின் அசையவில்லை. முதலாளிக்கு முகம் தெளிந்தது. "அப்போ ஆச்சு. ஸ்பிரிங் கொஞ்சம் வீக், டிரைவர் கொஞ்சம் ரஃப். ரெண்டையும் மாத்தியாச்சு. டெண்டருக்குப் போலாம்."

அன்று சாயங்காலம் வண்டியைப் பட்டறைக்குள் விட, வழக்கம்போல இன்ஜினை அணைத்துவிட்டு எல்லோரும் தோள் கொடுத்துப் பின்னால் தள்ளினோம்.

இந்த வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும், நீங்களும் தள்ளியிருப்பீர்கள். காரணம் தெரியாமல் இருக்கலாம். சந்து குறுகல், வண்டியைத் திருப்ப முடியாது, பின்பக்கமாகத்தான் உள்ளே வரவேண்டும். ரிவர்ஸில் வரும்போது புகை முழுவதும் எதிர்க் கட்டிடத்தின் தரைத்தள ஜன்னல்களுக்குள் போகும். அங்கே ஒரு வீட்டில் டியூஷன் நடக்கிறது. ஒருமுறை பெரிய சண்டையாகி, அதன்பின் நல்ல அண்டை வீட்டுக்காரர்களாக நாங்கள் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டோம்: முன்னால் ஓட்டிக்கொண்டு போவது, பின்னால் தள்ளிக்கொண்டு வருவது. மைதானத்திலும் ரிவர்ஸ் தேவைப்படவில்லை, ஏனென்றால் ஒரு பக்கச் சக்கரங்களை நிறுத்தி மறுபக்கத்தை ஓட்டினால் நின்ற இடத்திலேயே திரும்புகிற வண்டி இது.

பாதிச் சந்தில் நான் தள்ளுவதை நிறுத்திவிட்டேன்.

"என்ன மேடம், டயர்டா? இன்னும் கொஞ்சம்தான்" என்றார் வெல்டர்.

"இந்த வண்டி எப்பவாவது தானா ரிவர்ஸ் போயிருக்கா?"

"இங்கயா? எதிர் பில்டிங் சொசைட்டிக்காரங்க நம்மளக் கொன்னு இதுலயே மிதக்க விட்ருவாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. ரிவர்ஸில் விசை திரும்புகிறது. இறுகும் பக்கம் கீழே வந்துவிடும், தொய்வு முழுவதும் மேலே போய்விடும். கீழே தள்ளிக்கொண்டிருக்கும் நம் கையை இறுகிய செயின் மடக்கிவிடும். மேலே தாங்க ஒன்றுமே இல்லை. கல்லூரி முதல் வருடத்தில் படித்த விஷயம். எங்கள் யாருக்கும் தோன்றவில்லை, ஏனென்றால் எங்கள் வண்டி பின்னால் போகும்போதெல்லாம் அதன் இன்ஜின் நாங்கள்தான்.

சோதித்துப் பார்க்காமல் இதைச் சொன்னால் யாரும் ஏற்கமாட்டார்கள். மைதானத்துக்குள் பாரம் ஏற்றிய டெம்போவை விடமாட்டார்கள். செம்பூரிலேயே இடித்துப் போட்ட கட்டிடம் ஒன்றின் காலி மனை இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை வாட்ச்மேனிடம் கேட்டு வண்டியை அங்கே இறக்கினோம். பீர் பாய் தன் டெம்போவில் பிளாஸ்டிக் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு வந்தார். எங்கள் வண்டி ரிவர்ஸில் இழுக்கவேண்டிய பாரம் அதுதான். டெம்போவிலிருந்து மைதீன் அண்ணனும் இறங்கினார். அவரையும், முதலாளியையும் ஒப்பந்தக்காரரையும் நான்தான் வரச் சொல்லியிருந்தேன். முதலாளி மைதீன் அண்ணனைப் பார்த்தார், அண்ணன் டெம்போவைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"யாரு ஓட்டப்போறது?" என்று கேட்டார் ஒப்பந்தக்காரர்.

"நான்" என்றேன். என் கால் கனம் என்று இதுவரை யாரும் சொன்னதில்லை.

வண்டியின் முன்பக்கத்தை டெம்போவோடு கயிற்றால் கட்டினோம். ரிவர்ஸ் போட்டு, முட்டை மேல் கால் வைப்பதுபோல ஆக்ஸிலரேட்டரை அழுத்தினேன். கயிறு விறைத்தது. டெம்போ ஒரு முழம் நகர்ந்தது. பிறகு என் இருக்கைக்கு அடியில், டக் டக்.

செயினை மாட்டி மறுபடியும் செய்தோம். மறுபடியும் தாவியது. ஒப்பந்தக்காரர் என்னை இறங்கச் சொல்லிவிட்டு அவரே ஏறினார், என்னைவிட மெதுவாக ஓட்டினார். இரட்டை ஸ்பிரிங் இருந்தும் தாவியது. இறங்கி வந்து கையைத் துடைத்துக்கொண்டு, மைதீன் அண்ணனிடம், "சலோ, ஹோ கயா" என்றார். ஆனது ஆயிற்று என்று. அதுதான் அவருடைய மன்னிப்பு.

பீர் பாய் டெம்போவில் ஏறும்போது என்னிடம் சொன்னார்: "யானை இழுத்தாலும் அசையாதுன்னேன்ல. அத யாருட்டயும் சொல்லிராதிய."

உண்மையான நெருக்கடி திங்கட்கிழமை, விபத்து ரிப்போர்ட்டை நான் எழுதவேண்டியபோது வந்தது. முதலாளி என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்தாமலே பேசினார். அவர் அப்படித்தான், ரகசியம் பேசத் தெரியாது.

"நான் பொய் எழுதச் சொல்லலை. ரெண்டு காரணமும்னு எழுது. டென்ஷனருக்கு ஒரு லிமிட் இருக்கு, டிரைவர் அந்த லிமிட்டைத் தாண்டிட்டார். இது உண்மைதானே?"

"லிமிட் ரிவர்ஸ் கியரா சார்? கியர்னு குடுத்துட்டு, போடாதேன்னு எப்படிச் சொல்றது?"

"டென்ஷனர்னு மட்டும் எழுதினா வண்டியெல்லாம் நின்னுடும். மழை வரப்போறது. வெள்ளத்துல வண்டி மிதக்கத்தானே போறது? மிதக்கறச்சே செயினுக்கு லோடே கிடையாது. நீதான் சொன்னே."

நான் சொன்னதுதான். அதுவும் உண்மை. ஆனால் வெள்ளத்தில் எல்லா இடமும் மிதக்கும் ஆழம் இருக்காது. முழங்கால் தண்ணீரில், குப்பையும் சைக்கிளும் கிடக்கிற சந்தில், ஆட்களை ஏற்றிக்கொண்டு ரிவர்ஸ் எடுக்கத்தான் வேண்டிவரும். இதைச் சொன்னேன்.

"மைதீனை நான் வேற வேலைல வெச்சுக்கறேன். அவருக்கு ஒரு நஷ்டமும் வராது. போறுமா?"

"ரெண்டு காரணம்னு எழுதினா சார், அடுத்த டிரைவரும் இதே மாதிரிதான் மாட்டுவார். அவருக்கும் சாவியை வாங்கிடுவோம்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். கெட்ட மனிதர் இல்லை. களைத்த மனிதர். அன்று எங்கள் இருவருக்கும் ஒரே அளவு களைப்பு. டென்ஷனர்தான் ஒரே காரணம் என்று எழுதினேன். படித்துவிட்டு, கையெழுத்துப் போட்டார். டெண்டரில் சொன்ன தேதியை எங்களால் காப்பாற்ற முடியவில்லை.

இதை வெற்றி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மழை வந்தது. சுனாபட்டியில் நான் குடியிருக்கும் கட்டிடத்தின் தரைத்தளத்துக்குள் தண்ணீர் புகுந்த அன்று, எங்கள் வண்டிகள் செம்பூரில் தார்ப்பாய்க்கு அடியில் நின்றன. கீழ்வீட்டு மாமியை மாடிப்படியில் தூக்கி ஏற்றும்போது அவர் கேட்டார், "நீ தண்ணில போற வண்டிதானேடி செய்யறே? எங்கே அது?" அவரை இன்னும் ஒரு படி மேலே ஏற்றினேன். நிறுத்திவைப்பதும் ஒரு முடிவுதான், அதற்கும் யாரோ விலை கொடுக்கிறார்கள். அந்த மழையில் வண்டிகளை அனுப்பியிருக்கலாமா என்று இன்றும் எனக்குத் தெரியாது.

புதிய டென்ஷனர் ஒரே தடவையில் வரவில்லை. செயினின் இரண்டு பக்கமும் தாங்கவேண்டும், தொய்வை எடுத்தபின் பின்வாங்கக் கூடாது. இது தெளிவாக இருந்தது. முதலில் பல் வைத்து, ஒரு திசையில் மட்டும் நகர்கிற மாதிரி செய்தோம். கழிமுகத்து வண்டல் பற்களுக்கு இடையில் போய் இறுகிவிட்டது. அடுத்து பல் இல்லாமல், நைலான் கட்டை. வெயிலில் வழுக்கிக்கொண்டு ஓடியது. தண்ணீரில் ஊறியதும் பருத்து, தன் பள்ளத்திலேயே சிக்கிக்கொண்டது. நைலான் தண்ணீர் குடிக்கும் என்று எனக்கும் தெரியும், பீர் பாய்க்கும் தெரியும். அவர் நான் கணக்கில் எடுத்திருப்பேன் என்று நினைத்தார், நான் அவர் இடைவெளி விட்டிருப்பார் என்று நினைத்தேன். கேட்டுக்கொள்ளவில்லை.

கடைசியில் நின்றது எளிமையானது. மேலே ஒரு கட்டை, கீழே ஒரு கட்டை, நடுவில் ஒரு ஆப்பு, ஆப்பை இறுக்க ஒரு போல்ட். கட்டைக்கு, தண்ணீர் குடிக்காத வெள்ளை பிளாஸ்டிக். ஓட்டல் சமையலறைகளில் காய் வெட்டவும் மீன் வெட்டவும் வைத்திருக்கும் தடித்த பலகை இருக்கிறதே, அதே ஜாதி. பெரிய தகடு வரத் தாமதமானபோது பீர் பாய் ஓட்டல் சாமான் கடையில் புதுப் பலகையாகவே வாங்கி அறுத்துவிட்டார்.

"இம்புட்டுப் படிச்சி கடைசில மீன் வெட்டுத பலகைல வந்து நிக்கியளே" என்றார்.

அதே காலி மனையில், அதே டெம்போவைக் கட்டி, ரிவர்ஸில் இழுத்தோம். தாவவில்லை.

ஒரு குறை இருக்கிறது, மறைக்கமாட்டேன். ஸ்பிரிங் தானாகத் தொய்வை எடுக்கும். இது எடுக்காது. ஒவ்வொரு முறை வண்டி வெளியே போய் வந்ததும் தட்டைத் திறந்து, கையால் பார்த்து, போல்ட்டை இறுக்கவேண்டும். சோம்பலாக இருக்கும். எனக்கு இருந்தது.

மைதீன் அண்ணன் விஷயத்துக்கு வருகிறேன். ரிப்போர்ட் போனபின் முதலாளி அவருக்கு போன் செய்தார். நான் பக்கத்தில் இருந்தேன், அவர் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார்.

"மைதீன், உன் மேல தப்பில்லேன்னு எழுதியாச்சு. நாளைலேர்ந்து வந்துடு."

"சந்தோசம் சார்."

"அப்போ வரியோன்னோ?"

"சாவிய வாங்குனது நாலு பேரு பாக்க. குடுக்கது மட்டும் போன்லயா சார்?"

மைதீன் அண்ணன் மரியாதையாக, "வச்சிரட்டுமா சார்?" என்று கேட்டுவிட்டு வைத்தார். அன்றே நேரில் போய்ச் சாவியைக் கொடுத்துவிடலாம், தாராவி என்ன தூரம் என்று நான் முதலாளியிடம் சொன்னேன். போகலாம் என்றார். அதற்குப்பின் நான் இரண்டு முறை ஞாபகப்படுத்தினேன், மூன்றாவது முறை விட்டுவிட்டேன். ஒரு பாகத்தை நான்கு விதமாக மாற்றிச் செய்யும் பொறுமை எங்களுக்கு இருந்தது. சந்தில் பத்துப் பேர் முன்னால் நின்று ஒரு வாக்கியம் சொல்வதற்கு மட்டும் ஆள் கிடைக்கவில்லை. ரிப்போர்ட்டில் பெயரைச் சுத்தம் செய்தால் போதும் என்று நான் நினைத்திருந்தேன். அவர் சாவி கொடுத்ததைச் சந்தில் நின்று பார்த்தவர்கள் யாரும் ரிப்போர்ட் படிப்பவர்கள் இல்லை.

இப்போதைய நிலை இது. புதிய டென்ஷனர் நான்கு வண்டிகளில் இருக்கிறது. இரண்டில் இன்னும் பழையதுதான். மாற்றும் வரை அவை பட்டறையை விட்டுப் போகக் கூடாது. வெள்ளைக் கட்டை உப்புத் தண்ணீரில் எத்தனை காலம் தாங்கும் என்று தெரியாது, ஒரு முழு மழைக்காலம் அது இன்னும் பார்க்கவில்லை. காலி மனையில் கட்டிடம் எழும்புகிறது, ரிவர்ஸ் சோதனைக்கு வேறு இடம் நீங்கள்தான் தேடவேண்டும். மைதீன் அண்ணன் இப்போது ஒரு பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். முதலாளி இன்னும் தாராவிக்குப் போகவில்லை.